ஐசக் தலையில் கட்டிய துணி

ஐசக் ரெல்ஃப் மலையில காணாமப் போன அன்னைக்கு நானும் அவன் பொண்டாட்டி மாவிஸும் டீக் கூடாரத்துல நின்னு ஸ்கோன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிட்டிருந்தோம். ஸ்வார்ட்டேல் ஆட்டுத் திருவிழா. செப்டம்பர் மாசம் வந்தா எங்க ஆம்பளைங்க கிடாய்களைக் குளிப்பாட்டி, கொம்பைத் துடைச்சு, மைதானத்துல கட்டி வச்சுட்டு, அடுத்தவன் கிடாய்க்கு ஆளுக்கொரு குத்தம் சொல்லிக்கிட்டு நிப்பாங்க. மத்தியானத்துக்கு மேல மலையோட்டம். கிரே நாப் உச்சிக்கு ஏறி, அங்க நிக்கற ஆள்கிட்ட மூஞ்சியைக் காட்டிட்டு, பின்பக்கச் சரிவுல இறங்கி மைதானத்துக்கே வந்து சேரணும். இதுல அப்படி என்னதான் இருக்குன்னு செத்துப்போன என் புருசன் கேட்டுக்கிட்டே இருப்பாரு. அவரும் வருசா வருசம் ஓடுனவருதான்.

வட இங்கிலாந்துல இருக்கற எங்க கம்பர்லேண்டுக்கு இப்ப கம்ப்ரியான்னு புதுப்பேரு வச்சிருக்காங்க. வச்சுக்கட்டும். எங்களுக்கு ஊருன்னா அது கழகம்தான். ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு ஓட்டக் கழகம், ஒரு பனியன் நிறம். எங்களுக்குப் பழுப்பு. பக்கத்து ரான்டேல்காரங்களுக்குச் சிவப்பு. பொண்ணு குடுப்போம், எடுப்போம், அவன் ஆடு நம்ம மலைக்கு வந்துட்டா பத்திரமா ஓட்டிட்டுப் போயி விடுவோம். ஆனா நம்ம மைதானத்துல சிவப்புப் பனியன்காரன் மொதல்ல வந்துட்டா ஒரு வாரத்துக்கு யார் வீட்டுலயும் யாரும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டோம். அப்படி ஒரு கிறுக்கு.

ஐசக் எங்க கழகத் தலைவன். வாலிப வயசுல அவனை யாரும் மலையில பிடிச்சதில்ல. ஆடு மேய்ச்ச காலு, கல்லு எங்க ஆடும், சேறு எங்க வாங்கும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வான். நாப்பத்தஞ்சு தாண்டியும் ஓடுறதை விடல. ஜெயிக்கறதில்ல, ஆனா எங்க ஊர்க்காரங்கள்ல மொத நாலஞ்சு பேருக்குள்ள வந்துடுவான். அது அவனுக்குப் போதும்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சுக்கிட்டிருந்தோம்.

கழகத்துல ஒரு சட்டம் உண்டு. அதைக் கொண்டு வந்ததே ஐசக்தான். ஓட்டத்துல பாதியில நின்னுட்டா நிக்கலாம், தப்பில்ல. ஆனா நேரா மைதானத்துக்கு வந்து, நெஞ்சுல குத்தியிருக்கற நம்பர் துணியைக் கழட்டி மேசையில குடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். ஏன்னா ஒரு வருசம் வெளியூர்க்காரன் ஒருத்தன் கால் வலிக்குதுன்னு பாதியில இறங்கி, யாருகிட்டயும் சொல்லாம பஸ் ஏறிப் போயிட்டான். எங்க ஆளுங்க விடிய விடிய மழையில அவனைத் தேடிக்கிட்டுக் கிடந்தாங்க. மறுநாள் அவன் வீட்டுக்கு ஃபோன் போட்டு ஐசக் பேசுன பேச்சை நானே கேட்டேன். நீயெல்லாம் ஆம்பளையா, உனக்காக என் ஆளு ஒருத்தன் பள்ளத்துல விழுந்து செத்திருந்தா அவன் பிள்ளைகளுக்கு நீ சோறு போடுவியான்னு கேட்டான். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலயும் கல்லு மேல ஏறி நின்னு இந்தச் சட்டத்தை அவன் வாயாலயே கத்திச் சொல்வான்.

அந்த வருசம்தான் பொம்பளைங்களும் ஓடலாம்னு கழகத்துல முடிவாச்சு. ஐசக் வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. அவன் மக ஹேசல் பேரு குடுத்தா. இருபது வயசு. நடக்கத் தெரிஞ்ச நாள்லேர்ந்து அப்பன் பின்னாலயே மலையில ஆடு திருப்புனவ. அவ காலும் அப்பன் காலு மாதிரிதான், நீளம், முட்டிக்குக் கீழ சதையே இல்லாம. ஓட்டத்துக்கு முன்னால அவ கூடாரத்துக்கு வந்து ஒரு வாய் டீ குடிச்சா.

"பயமா இருக்கா?"ன்னு கேட்டேன்.

"அப்பா இருக்காருல்ல அத்தை. நான் கால் வைக்கற எடத்துல நீயும் வையி, என் முதுகைப் பாத்துக்கிட்டே வான்னு சொல்லியிருக்காரு."

மாவிஸ் சிரிச்சா. "அவரு முதுகைப் பாத்தே இருபது வருசம் ஓட்டிட்டேன்டி. அதுல ஒண்ணும் இல்ல."

கிளம்பறப்ப வெயிலு. பாதி மலை ஏறறதுக்குள்ள மேகம் இறங்கி உச்சியை மூடிடுச்சு. எங்க மலையில அது சகஜம், யாரும் அலட்டிக்கல. ஒவ்வொருத்தரா சேறும் ரத்தமுமா வந்து சேர்ந்தாங்க. ரான்டேல்காரன் ஒருத்தன் மொதல்ல வந்தான், சனியன். அதுக்குப் பின்னால எங்க ஆளுங்க சிலபேரு, அவங்களை ஒட்டியே இன்னொரு பழுப்புப் பனியன். பாத்தா ஹேசல். கூட்டம் மொத்தமும் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. எங்க ஆம்பளைங்கள்ல முக்காவாசிப் பேரை அவ தாண்டிட்டு வந்திருந்தா. மாவிஸ் கையில வெண்ணெய்க் கத்தியோட வெளிய ஓடி வந்தா.

ஹேசல் மூச்சு வாங்கிக்கிட்டே திரும்பித் திரும்பி மலையைப் பாத்தா. "அப்பா பின்னாலதான் வர்றாரு. செங்குத்து ஏத்தத்துல நான் தாண்டுனேன். இப்ப வந்துருவாரு."

வரல. கடைசியா ஓடற கிழவங்க வந்தாங்க, தடுக்கி விழுந்து பல்லு போன பையன் வந்தான், அவனுக்கும் பின்னால உச்சியில நின்ன ஆளே இறங்கி வந்துட்டான். ஐசக் உச்சிக்கே வரலைன்னான் அவன். செயலாளர் ஸ்டான்லி ஃபியரன் மேசையில எண்ணிப் பாத்தாரு. ஒரே ஒரு நம்பர் குறையுது.

ஸ்டான்லிக்கும் ஐசக்குக்கும் பள்ளிக்கூடத்துலேர்ந்து சிநேகம். ஐசக் வீட்டுக்கு ரெண்டு தடவை ஃபோன் அடிச்சுப் பாத்தாரு, எடுக்க ஆளில்ல. வேற யாரா இருந்தாலும் பாதியில இறங்கி எங்கயாவது உக்காந்திருப்பான்னு நெனச்சிருப்பாங்க. ஐசக் ஆச்சே. சட்டம் போட்டவனே வரலைன்னா விழுந்துட்டான்னு அர்த்தம். அதுல யாருக்கும் சந்தேகமே வரல. கல்லுடைக்கற குவாரியில சங்கு ஊதுனாங்க. கிடாய்க்குப் பரிசு குடுக்கறது பாதியில நின்னுச்சு. ஓடி முடிச்சு, சூப்புக் கோப்பையைக் கையில வாங்கியிருந்த பசங்க அதை அப்படியே கீழ வச்சுட்டு, காயாத பனியனோட மறுபடி மலை ஏறுனாங்க. ரான்டேல்காரங்களும் போனாங்க. மொத ஆளா போனவ ஹேசல். நான் கையைப் பிடிச்சேன்.

"இப்பத்தானடி வந்த. அவங்க பாத்துக்குவாங்க."

"நான்தான் அத்தை கடைசியாப் பாத்தது. தாண்டறப்ப அப்பா மூஞ்சி வெளுத்துப் போயி இருந்துச்சு. வழி விடுங்கன்னு கேட்டேன், பதில் சொல்லல. நான் பாட்டுக்கு வந்துட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல." கையை உதறிட்டுப் போயிட்டா.

ஒரு மணி நேரம் போல ஆச்சு. மழை தூற ஆரம்பிச்சுது. மேகத்துக்குள்ளேர்ந்து விசில் சத்தம் கேக்குது, ஆளைத்தான் காணோம். மாவிஸ் அழல. டீ ஊத்துனா, கோப்பை கழுவுனா, மறுபடி ஊத்துனா. அப்புறம் ஈரக் கையை முன்துணியில துடைச்சுக்கிட்டு என்னைப் பாத்தா.

"எல்சிக்கா, தூக்கிட்டு வர்றப்ப அவரு நனைஞ்சு விறைச்சுப் போயிருப்பாரு. போர்வையும் காஞ்ச துணியும் எடுத்துட்டு வந்துடலாம். வண்டி எடுக்கறீங்களா?"

அவங்க பண்ணை பள்ளத்தாக்கோட மேல்கோடியில, அதே மலையோட அடிவாரத்துல. என் வீடு அவங்க கல்சுவருக்கு இந்தப் பக்கம். என் லேண்ட்ரோவர் ஜீப்புல போறப்ப நான் ஏதேதோ தைரியம் சொல்லிக்கிட்டே போனேன், என்ன சொன்னேன்னு இப்ப ஞாபகம் இல்ல. முற்றத்துல இறங்குனோம். நாய் குலைக்கல, வாலை ஆட்டிக்கிட்டு உள்ள பாத்துச்சு. பின்வாசப் படியில சேறு அப்புன, ஓடறதுக்குப் போடற ஷூ ரெண்டும் ஒழுங்கா ஜோடி சேத்து வச்சிருந்துச்சு.

மாவிஸ் அதைப் பாத்தா. அப்புறம் கதவைத் தள்ளுனா. அடுக்களை மேசையில ஐசக் உக்காந்திருந்தான். அதே பனியன், நெஞ்சுல நம்பர் துணி, முன்னால ஒரு கோப்பை ஆறிப்போன டீ. எங்களைப் பாத்து எந்திரிக்கவும் இல்ல.

"அடிபட்டுச்சா?"ன்னா மாவிஸ்.

"இல்ல."

"எப்ப வந்த?"

"அப்பவே."

"அப்பவேன்னா எப்ப? ஐசக், உன்னத்தான் கேக்கறேன்."

"அவ தாண்டுனதும்."

மாவிஸ் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டா. "ஃபோன் அடிச்சுதே."

"அடிச்சுது."

"எடுத்தா என்ன கேடு?"

"எடுத்து என்னன்னு சொல்ல?" அவன் மேசையைப் பாத்துக்கிட்டே பேசுனான். "வழி விடுங்கப்பான்னா. நான் நின்னுட்டேன். அவ போற வேகத்தைப் பாத்தேன், எனக்குக் காலே ஓடல. இப்படியே பின்னால போயி மைதானத்துல இறங்குனா எல்லாரும் பாப்பாங்களேன்னு தோணுச்சு. சும்மா கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புனேன். வீடு தெரிஞ்சுது. ஒரு வாய் டீ குடிச்சுட்டு, துணி மாத்திக்கிட்டு வந்து நம்பரைக் குடுத்துடலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள சங்கு ஊதிட்டாங்க."

"சங்கு ஊதுனப்பவாவது ஓடி வந்திருக்கலாமே."

"அதுக்கப்புறம் எப்படி வர்றது மாவிஸ்?"

நான் அங்க நிக்கறதே தப்புன்னு எனக்குப் பட்டுச்சு. கோபமும் வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு. ஒரு பெரிய மனுசன் தன் வீட்டு அடுக்களையில ஒளிஞ்சுக்கிட்டிருக்கறதைப் பாக்கறது எதிரிக்கும் வரக்கூடாது.

"ஹேசல் மேல போயிருக்கா"ன்னேன் நான்.

அது அவனுக்குத் தெரியாது. சட்டுனு எந்திரிச்சான், நாற்காலி சாஞ்சு விழுந்துச்சு. "யாரு அவளைப் போகச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? அவ அப்பனைக் காணோமாம்."

அவன் வெறுங்காலோட வாசலுக்கு நடந்தான். அவன் அப்பவே போயி சொல்லியிருப்பான். சத்தியமா சொல்றேன், அவன் கால் அந்தப் பக்கம்தான் போச்சு. மாவிஸ்தான் குறுக்க வந்து கதவுல சாஞ்சு நின்னா.

"இப்படியேவா போகப் போற? போயி என்னன்னு சொல்வ? டீ குடிச்சுக்கிட்டிருந்தேன்னா?"

"ஆமா."

"இருக்கற பசங்க அத்தனை பேரும் மழையில கிடக்காங்க. ஸ்டான்லி சீக்காளி நெஞ்சை வச்சுக்கிட்டு ஏறியிருக்காரு. நீ டீ குடிச்சேன்னு சொல்லு, நாளைக்கு இந்த ஊர்ல நாம எப்படித் தலைகாட்டறது?" அவ மாடிக்கு ஓடுனா, தலையணை உறை ஒண்ணை எடுத்துட்டு வந்தா, பல்லால கடிச்சு நீளமாக் கிழிச்சா. "உக்காரு. குனி."

"மாவிஸ், வேணாம்மா"ன்னேன்.

"நீங்க சும்மா இருங்கக்கா. நீங்க தனியாளு. யாருக்கும் பதில் சொல்ல வேணாம்."

ஐசக் உக்காந்தான். ரோமம் கத்திரிக்கப் பிடிச்ச ஆடு மாதிரி கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். நல்லா இருக்கற தலையைச் சுத்தி அவ இறுக்கிக் கட்டுனா. அடுப்புக்கரியைத் தொட்டு நெத்தியோரம் கன்னிப்போன மாதிரி கொஞ்சம் தடவிவிட்டா. "கல்லு உருண்டு வந்து தலையில பட்டுச்சு. நினைவு தப்பிடுச்சு. எப்படி வீடு வந்தேன்னு தெரியல. இவ்வளவுதான். மீதியை நான் பேசிக்கறேன்"ன்னா. 

மைதானத்துல அவனை இறக்குனப்ப எல்லாரும் ஓடி வந்தாங்க. திரும்பி வரச் சொல்லி சங்கு ஊதுனாங்க. நனைஞ்ச கோழி மாதிரி ஒவ்வொருத்தனா இறங்கி வந்து, சிரிச்சுக்கிட்டே அவன் தோள்ல தட்டுனான். ஸ்டான்லியை ரெண்டு பேரு கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தாங்க, பள்ளத்துல வழுக்கி முட்டி பிசகிப்போச்சு. வலியோட வலியா, "உசுரோட இருக்கியே மாப்ள, அது போதும்"ன்னாரு. ஐசக் அவரு முட்டியையே பாத்துக்கிட்டு நின்னான்.

கடைசியா வந்தவ ஹேசல். பாறைச் சந்துல இறங்கி அப்பா அப்பான்னு கத்திக் கத்திக் குரலே போயிடுச்சு. வெறும் காத்துதான் வருது. அப்பனைப் பாத்தா, தலைக்கட்டைப் பாத்தா, வந்து அவன் தோள்ல மூஞ்சியை வச்சுக்கிட்டா. "நான் திரும்பிப் பாக்கலப்பா. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்." அவன் அவ முதுகைத் தடவிக் குடுத்தான். வாயைத் தொறந்தான். மாவிஸ் பக்கத்துல நின்னா. வாயை மூடிக்கிட்டான்.

மறுநாள் டாக்டர் பெனிங்டன் வீட்டுக்கே வந்தாரு. நான் ரொட்டி குடுக்கப் போயிருந்தேன். மாவிஸ் மகளை முட்டை பொறுக்க அனுப்பிட்டா. டாக்டர் துணியை அவுத்தாரு, முடியை விலக்கி இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு. அப்புறம் அதே துணியை முன்னைவிட நேர்த்தியாச் சுத்திக் கட்டிவிட்டாரு. "ஒரு வாரம் குனிஞ்சு வேலை செய்யாதீங்க"ன்னாரு. டீ குடிக்கறீங்களான்னு கேட்டதுக்கு வேணாம்னுட்டாரு. அவரு எந்த வீட்டுலயும் டீயை வேணாம்னவரில்ல.

ஊருக்கும் தெரிஞ்சுபோச்சு. மேட்டு வீட்டு ஜென்னி தன் கொல்லையில துணி எடுக்கறப்ப, ஐசக் நல்லா நிமிந்து நடந்து வீட்டுக்குள்ள போறதைப் பாத்திருக்கா. அவ வாயைத் தொறக்கல, ரகசியமா ஒவ்வொருத்தர்கிட்டயா மட்டும்தான் சொன்னா. எங்க ஊர் வழக்கம் அப்படி. தெரிஞ்சதைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கறது மரியாதையில்ல. அதனால எல்லாரும் பதார்த்தம் கொண்டு வந்தாங்க. ஆப்பிளை மாவுக்குள்ள வச்சுச் சுட்ட பை வந்துச்சு, ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி வேகவச்ச சட்டி வந்துச்சு, இஞ்சிக் கேக்கு வந்துச்சு. ஸ்டான்லி தடி ஊனிக்கிட்டு வந்து முட்டை குடுத்துட்டுப் போனாரு. "தலை எப்படி மாப்ள இருக்கு?"ன்னு ரொம்பப் பதவிசாக் கேட்டாராம். அந்தச் சட்டிக்கறியில ஒரு வாய்கூட ஐசக் தொடலைன்னு மாவிஸ் சொன்னா. அவளும்தான் தொடல. எல்லாம் சுவரைத் தாண்டி என் வீட்டுக்கு வந்துச்சு. எனக்கும் அது நல்லபடியா இறங்கல.

தெரியாதவ ஒருத்திதான். ஹேசல் விடியறதுக்குள்ள எந்திரிச்சு அப்பன் வேலையையும் சேத்துப் பாத்தா. மலையிலேர்ந்து ஆடு இறக்குனா, ஒவ்வொண்ணா மருந்துத் தொட்டியில முக்கி எடுத்தா, இடிஞ்ச சுவருக்குக் கல்லு அடுக்குனா. கை ரெண்டும் வெடிச்சுப் போச்சு. ஒரு நாள் சுவர்ப்பக்கமா நின்னு பேசுனோம். குரல் இன்னும் சரியா வரல.

"ரான்டேல் ஓட்டத்துக்குப் போகலியாடி?"

"இல்ல அத்தை. ஓடற ஷூவைக் கழகத்துப் பழந்துணிப் பெட்டியில போட்டுட்டேன்."

"ஏண்டி?"

"ஜெயிக்கணும்னுதான் தாண்டுனேன். அப்பா மூஞ்சி வெளுத்திருந்ததைப் பாத்துட்டும் தாண்டுனேன். எல்லாரும் கைதட்டுவாங்கன்னு நெனச்சுக்கிட்டே ஓடுனேன். அந்த நேரத்துல அவரு அங்க விழுந்து கிடந்திருக்காரு. இனி எந்தக் காலத்துல நான் சந்தோசமா ஓடறது?" குனிஞ்சு ஒரு கல்லைத் தூக்குனா. "செத்திருந்தா நான்தானே அத்தை?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. நேரா மாவிஸ்கிட்டப் போனேன். அவ மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தா.

"அவகிட்டச் சொல்லிடு. இன்னைக்கே சொல்லிடு."

"எப்படிக்கா சொல்றது?"

"வாயால சொல்லு. அந்தப் பொண்ணு தன்னையே அரிச்சுத் தின்னுக்கிட்டிருக்கா."

"கொஞ்ச நாள்ல மறந்துடுவாக்கா. சின்ன வயசு. அப்பன் இப்படின்னு தெரிஞ்சா அது மறக்குமா?" மாவை ஓங்கி அடிச்சா. "அந்த மனுசனும் தினம் ராத்திரி சொல்றேன் சொல்றேங்கறாரு. நான்தான் விடல. அவ முன்னால அவரு கூனிக் குறுகி நிக்கறதை என்னால பாக்க முடியாது."

"இப்ப மட்டும் எப்படி நிக்கறாரு?"

 அவ மாவை மூடி அடுப்போரம் வச்சா.

அடுத்த வாரம் கழகக் கூட்டம், வழக்கம்போல சாராயக்கடைப் பின்னறையில. டீ எங்க பொறுப்பு. டாக்டரும் வந்திருந்தாரு. ஐசக் தலைக்கட்டை அவுத்துட்டு வந்து தலைவர் நாற்காலியில உக்காந்திருந்தான். தேடப் போனவங்களுக்கெல்லாம் நன்றின்னு ஸ்டான்லி எந்திரிச்சுச் சொன்னாரு. எல்லாரும் மேசையைத் தட்டுனாங்க. அப்புறம் அவரு மொகத்தை மலர்த்திக்கிட்டு, "அன்னைக்கு நடந்த களேபரத்துல ஒரு நல்ல காரியத்தை மறந்துட்டோம். பொம்பளைங்கள்ல மொத ஆளு நம்ம ஹேசல். வாம்மா, பரிசை வாங்கிக்க"ன்னாரு. பெரிய செம்புக் கெட்டில், பளபளன்னு தேச்சு வச்சிருந்தாங்க.

ஹேசல் எடத்தைவிட்டு எந்திரிக்கல. "வேற யாருக்காவது குடுங்க. நான் ஓடறதை விட்டுட்டேன்."

"ஏம்மா?"

"சங்கடமா இருக்கு. கேக்காதீங்க."

 ஆம்பளைங்க அவங்கவங்க பீர் கோப்பையைக் குனிஞ்சு பாத்தாங்க. ஐசக் எந்திரிச்சான். மாவிஸ் என் முழங்கையைப் பிடிச்சா, நகம் பதியற மாதிரி.

"என் தலையில எதுவும் படல"ன்னான் ஐசக். அவன் குரல் சின்னதா இருந்துச்சு. "கல்லும் உருளல. அவ என்னைத் தாண்டுனா. என்னால தாங்க முடியல. வீட்டுக்குப் போயி உக்காந்துக்கிட்டேன். சங்கு கேட்டுச்சு, ஃபோன் கேட்டுச்சு, விசிலும் கேட்டுச்சு. நீங்கல்லாம் மழையில கிடந்தீங்க, நான் அடுப்புப் பக்கத்துல இருந்தேன். ஸ்டான்லி, உன் முட்டி என்னாலதான் போச்சு. என்னை என்ன வேணா பேசுங்க. நான் அந்த வெளியூர்க்காரனைப் பேசுனதைவிட அதிகமாவே பேசுங்க."

 ஸ்டான்லி அவன் கையைப் பிடிச்சு இழுத்தாரு. "உக்காரு மாப்ள. எங்களுக்கெல்லாம் தெரியும். மறுநாளே தெரியும். விடு, குடி."

யாரோ மூக்கால சிரிச்சாங்க. எல்லாருக்கும் பெருமூச்சு வந்துச்சு. ஒரு பெரிய பாரம் இறங்குன மாதிரி கோப்பையெல்லாம் நகர ஆரம்பிச்சுது. அப்பத்தான் ஹேசல் எந்திரிச்சா.

"எல்லாருக்கும் தெரியுமா?"

கோப்பைச் சத்தம் நின்னுச்சு.

"நான் ரெண்டு வாரமா எப்படி இருந்தேன்னு பாத்தீங்கல்ல. டாக்டர், உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, அப்பாவுக்கு மூளையில எதுவும் ஆயிடாதேன்னு கேட்டேனே. ஒண்ணும் ஆகாதும்மான்னு தலையில கை வச்சுச் சொன்னீங்களே." அவ ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துக்கிட்டே வந்தா. ஒருத்தர்கூட நிமிரல. "எல்சி அத்தை, நீங்களுமா?"

நான் சர்க்கரை போடாத டீயைக் கலக்கிக்கிட்டிருந்தேன்.

"உங்கப்பா அன்னைக்கே சொல்றேன்னுதான் கிளம்புனாரு"ன்னா மாவிஸ். அவ முகம் மாவு கணக்கா வெளுத்திருந்துச்சு. "நான்தான் கட்டுனேன், அந்தத் துணியை. எல்லாம் நான்தான்."

ஹேசல் அம்மாவையே பாத்தா. "கட்டு மாத்தறப்ப என்னை வெளிய போகச் சொல்வியே. காயத்தைப் பாத்தா நீ தாங்க மாட்டேம்பியே. நான் கதவுக்கு வெளிய உக்காந்து அழுதுக்கிட்டிருப்பேன்மா. உனக்குக் கேட்டிருக்குமே."

மாவிஸ் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவளுக்குக் கேட்டிருக்கு. அது எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுது.

ஹேசல் கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டா. ஸ்டான்லிகிட்டத் திரும்பி, சண்டைக்காரி மாதிரியே இல்லாம, கடையில சாமான் கேக்கற மாதிரி சொன்னா: "நான் ஓடறேன். ஆனா பழுப்புப் பனியன்ல இல்ல. ரான்டேல்காரங்ககிட்டக் கேட்டுக்கறேன்." கெட்டில் மேசையிலயே இருந்துச்சு. அவ போனப்புறம் யாரும் கூட்டத்தை முடிக்கக்கூட இல்ல, ஒவ்வொருத்தரா தொப்பியை எடுத்துக்கிட்டு நழுவுனாங்க. எங்க கழகத்துக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது. வாங்க வேண்டிய அடிதான்.

ரான்டேல் ஓட்டத்தன்னைக்கு நான்தான் ஐசக்கையும் மாவிஸையும் வண்டியில கூட்டிட்டுப் போனேன். எங்க ஊர் ஆளு வேற யாரும் வரல. கல்சுவரு ஓரமா நின்னோம். சிவப்புப் பனியன் அவளுக்குக் கொஞ்சம் பெருசு. மலையிலேர்ந்து அவ இறங்குனதைப் பாத்து எங்க பக்கத்துல நின்ன ரான்டேல் கிழவரு ஒருத்தரு கேட்டாரு: "யாரு பொண்ணுப்பா இது? நம்ம பக்கம் இப்படி ஒரு காலைப் பாத்ததே இல்லியே."

"என் மக"ன்னான் ஐசக். "என்னை ஓடித் தோக்கடிச்சவ." சொல்றப்ப அவன் காதெல்லாம் செவந்துபோச்சு, ஆனா சொன்னான்.

முடிச்சுட்டு ஹேசல் எங்க பக்கம் வந்தா. சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு, அப்பன்கிட்டத்தான் பேசுனா.

"கடைசிச் சரிவுல வழுக்குதுப்பா."

"குதிகாலை ஊனுனியா?"

"ஊனுனேன். மண்ணு நிக்கல."

"அங்க பெரணிச் செடி மேலயே போகணும். வேரு பிடிச்சிருக்கும்."

"சரி. அடுத்த தடவை பாக்கறேன்."

காத்து சில்லுனு அடிச்சுது, அவ தோள்லேர்ந்து ஆவி பறக்குது. மாவிஸ் கையில கோட்டு வச்சிருந்தா. காலையிலேர்ந்து மடியில வச்சு அணைச்சுக்கிட்டே வந்த கோட்டு. நீட்டுனா. ஹேசல் அதைப் பாக்கவே இல்ல. கொஞ்ச நேரம் நீட்டிக்கிட்டே நின்னுட்டு, மாவிஸ் அதை ஐசக் கையில குடுத்தா. அவன் சுவருக்கு மேல நீட்டுனான். ஹேசல் வாங்கிப் போட்டுக்கிட்டா. அப்பனைப் பாத்துத் தலையாட்டிட்டு, சிவப்புப் பனியன்காரங்க நிக்கற எடத்துக்குப் போயிட்டா. என்னையும் பாக்கல.

திரும்பி வர்றப்ப ஐசக் பின்னால உக்காந்து தூங்கிட்டான். எத்தனையோ நாளா தூங்காதவன். மாவிஸ் என் பக்கத்துல உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தா.

"அப்பனை மன்னிச்சுட்டா எல்சிக்கா."

"ம்."

"ஓடி ஒளிஞ்சது அவரு. அவரை மன்னிச்சுட்டா."

"கொஞ்ச நாள் போகட்டும் மாவிஸ்."

"நான் எனக்காகவா செஞ்சேன்? அந்த மனுசன் தலை குனியக் கூடாதுன்னுதானே செஞ்சேன்." கையை விரிச்சு மடியில வச்சுப் பாத்துக்கிட்டா. கொஞ்ச தூரம் போனதும் மெதுவாச் சொன்னா: "அவ கதவுக்கு வெளிய அழுதது எனக்குக் கேட்டுச்சுக்கா. அப்பவும் கட்டைத்தான் சரி பண்ணிக்கிட்டிருந்தேன்."

நான் கியரை மாத்துனேன். மேட்டுல வண்டி முக்கி முனகி ஏறுச்சு.